சோலோ வயலின் மூழ்குகிறதா, ஸ்வரம் தப்பாகக் கேட்கிறதா: ஸ்கல்கோட்டாஸ் கான்செர்ட்டோ பதிவில் வரும் கோளாறுகள்

கிரேக்க இசையமைப்பாளர் நிக்கோஸ் ஸ்கல்கோட்டாஸ் (1904–1949) எழுதிய தந்திக் கருவிக் கான்செர்ட்டோக்களை (தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை) பதிவு செய்யப் போகும் ஒலிப்பதிவாளர்களுக்கும் செஷன் உதவியாளர்களுக்கும் இது. முக்கியமாக மூன்று படைப்புகள்: 1937–38இல் எழுதிய வயலின் கான்செர்ட்டோ, 1939–40இல் வயலினுக்கும் வியோலாவுக்கும் (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த ஒலியுள்ள கருவி) காற்றுக் கருவி ஆர்க்கெஸ்ட்ராவோடு எழுதிய இரட்டைக் கான்செர்ட்டோ, 1940களின் முற்பகுதியில் வந்த டபுள் பாஸ் கான்செர்ட்டோ. ஸ்கல்கோட்டாஸ் பெர்லினில், பன்னிரண்டு ஸ்வரங்களையும் ஒரு குறித்த வரிசையில் அடுக்கி இசை கட்டும் முறையை உருவாக்கிய ஷோன்பெர்க்கிடம் படித்தவர். அவர் இசையில் ஒரே நேரத்தில் நாலைந்து வரிகள் தனித்தனியாக ஓடும். மூச்சு விட இடமே இருக்காது. பீத்தோவனுக்கோ பிராம்ஸுக்கோ வைத்த மைக் அமைப்பை அப்படியே கொண்டு வந்தால் முதல் அரை மணி நேரத்திலேயே கீழே சொல்லும் கோளாறுகளில் ஒன்று வந்து நிற்கும்.

எந்தக் கோளாறானாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான்: முதலில் காகிதம், பிறகு நாற்காலி, பிறகு மைக், கடைசியில்தான் ஃபேடர் (மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுவிசை). பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஃபேடர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் காரணம்.

கண்ட்ரோல் ரூம் மேசையில் இருக்க வேண்டியவை: பார் (தாளக் கட்டம்) எண் போட்ட முழு ஸ்கோர், எல்லா வாத்தியங்களின் பார்ட்டுகளுக்கும் (அவரவர் வாசிக்கும் தனித் தாள்கள்) ஒரு நகல், கையெழுத்துப் பிரதியின் படம், அறை வெப்பமானி, பென்சில். கையெழுத்துப் பிரதி எதற்கு என்பது நான்காவது கோளாறில் தெரியும்.

கோளாறு 1: ஆர்க்கெஸ்ட்ரா ஏறும்போது சோலோ வயலின் மூழ்குகிறது

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. கண்ட்ரோல் ரூமை விட்டு எழுந்து போய் கண்டக்டருக்குப் பின்னால் மூன்று மீட்டரில் நின்று, அதே இடத்தை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

*அங்கேயும் வயலின் கேட்கவில்லை என்றால்*, மைக்கைத் தொடாதீர்கள். ஸ்கோரைப் பாருங்கள். கொம்பு (பிரெஞ்சு ஹார்ன்), டிராம்போன், கிளாரினெட் எல்லோருக்கும் ஒரே சத்தக் குறி போட்டிருக்கிறதா? எல்லோருக்கும் ஃபோர்ட்டே (பலமாக) என்றிருந்தால் ஆளாளுக்குத் தன் கருவியின் ஃபோர்ட்டேயை வாசிப்பார்கள். டிராம்போனின் ஃபோர்ட்டே முன்னால் வயலினின் ஃபோர்ட்டே எடுபடாது. எது முதன்மை வரி, எது துணை வரி என்று கண்டக்டர் தீர்மானித்து, துணை வரிக்காரர்கள் பென்சிலால் ஒரு படி குறைத்து எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு நிமிட வேலை. மூழ்கும் இடங்களில் பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

*அங்கே நன்றாகக் கேட்கிறது, ஸ்பீக்கரில் மட்டும் இல்லை என்றால்*, இந்த வரிசையில் பாருங்கள்.

சோலோ வாசிப்பவர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்? வயலினின் மேல் பலகையும் எஃப் துளைகளும் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ, அந்தப் பக்கம்தான் கூர்மையான ஒலி போகும். மனப்பாடமாக வாசிப்பவர் பார்வையாளர் மன்றத்தைப் பார்த்து நிற்பார். ஸ்கல்கோட்டாஸை ஸ்கோர் பார்க்காமல் வாசிப்பவர்கள் குறைவு. இசைத்தாள் ஸ்டாண்டைத் தேடித் திரும்பும்போதே வயலினும் சேர்ந்து திரும்பிவிடும். ஸ்டாண்டைத் தாழ்த்துங்கள், தட்டைப் படுக்க வையுங்கள், பாதம் இருக்க வேண்டிய இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும் உலோகத் தட்டு வயலினின் ஒலியைத் தடுப்பதும் உண்டு, வேறு பக்கம் திருப்பி அடிப்பதும் உண்டு.

அடுத்து கொம்புகள். அவற்றின் வாய் பின்பக்கம் பார்க்கும். பின்னால் ஒன்றரை மீட்டரில் வெறும் சுவர் இருந்தால் சுவரே ஒரு ஒலிபெருக்கியாகிவிடும். கனத்த திரை ஒன்றைத் தொங்கவிடுங்கள். முடியாவிட்டால் கொம்புக்காரர்களை சுவரிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். பித்தளைக் கருவிகள் உயர மேடையில் இருந்தால் ஒரு படி இறக்கிப் பாருங்கள்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் பிடிக்கும் மெயின் மைக். மரக்கிளை போல மூன்று மைக்கைப் பிரித்துப் பிடிக்கும் அமைப்பு தலைக்கு மேல் மிக உயரத்தில் இருந்தால், பின்வரிசைக்கும் சோலோவுக்கும் தூர வித்தியாசம் குறைந்து எல்லோரும் சம தூரத்தில் இருப்பதுபோல் ஆகிவிடும். 20, 30 சென்டிமீட்டர் இறக்குவதே பெரிய வித்தியாசத்தைக் காட்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் சோலோவுக்கு மட்டும் அருகில் வைத்த ஸ்பாட் மைக்கின் சத்தத்தை ஏற்ற வேண்டும். அதையும் இரண்டு, மூன்று டெசிபெலுக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்றைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

வெளியாளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: மேடை அமைப்பையே மாற்றியும் பித்தளை அடங்கவில்லை என்றால் மண்டபத்தில்தான் சிக்கல். மண்டபத்தின் சொந்த ஒலியியல் ஆளைக் கேளுங்கள். நகர்த்தக்கூடிய பலகைகளோ திரைகளோ பல மண்டபங்களில் இருக்கும். அவற்றை இயக்கத் தெரிந்தவர் செஷன் நாளில் இருக்கமாட்டார்.

கோளாறு 2: சோலோ கேட்கிறது, ஆனால் ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது

வயலின் ஒரு அறையிலும் ஆர்க்கெஸ்ட்ரா இன்னொரு அறையிலும் இருப்பதுபோல் கேட்கும். அல்லது வயலினின் ஒலி மெலிந்து, குழாய் வழியாக வருவதுபோல் ஆகும்.

ஸ்பாட் மைக்கை மொத்தமாக மூடுங்கள். மெலிவு போய்விட்டதா? அப்படியானால் ஒரே ஒலி இரண்டு மைக்குகளில் இரண்டு நேரத்தில் வந்து மோதுகிறது. முதலில் ஒலி அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனைத் தட்டிப் பாருங்கள். கேபிள் ஒன்றில் கம்பி மாறியிருப்பது அவ்வளவு அரிதல்ல. அது சரியாக இருந்தால் தாமதத்தைக் கணக்கிடுங்கள். ஒலி 20 டிகிரி வெப்பத்தில் நொடிக்கு 343 மீட்டர் போகும். மீட்டருக்கு ஏறக்குறைய 2.9 மில்லி நொடி. சோலோவிலிருந்து ஸ்பாட் ஒன்றரை மீட்டரிலும் மெயின் மைக் ஐந்தரை மீட்டரிலும் இருந்தால் வித்தியாசம் 4 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 12 மில்லி நொடி. ஸ்பாட்டை அந்த அளவு தாமதப்படுத்துங்கள். ஒன்றிரண்டு மில்லி நொடி கூடுதலாக வைத்தால் இன்னும் நன்றாக ஒட்டும். குறைத்து வைத்தால் வயலின் முன்னால் துருத்தும். அளவு டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள், கண்ணளவு வேண்டாம்.

தாமதம் சரி, ஆனாலும் ஒலி நிலையில்லாமல் வந்து போகிறதா? சோலோ வாசிப்பவர் ஆடுகிறார். ஆடாதீர்கள் என்று சொல்வது வீண், வாசிப்பு கெட்டுவிடும். மைக்கை இன்னும் உயரத்துக்கு ஏற்றித் தள்ளி வையுங்கள். ஒரு மீட்டரில் இருக்கும் மைக்குக்கு முப்பது சென்டிமீட்டர் அசைவு பெரிது. இரண்டரை மீட்டரில் இருக்கும் மைக்குக்கு அது ஒன்றுமில்லை.

கோளாறு 3: இரட்டைக் கான்செர்ட்டோவில் வியோலா காணவில்லை

இந்தப் படைப்புக்கே உரிய தொல்லை இது. சுற்றிலும் தந்திக் கருவி ஒன்றுகூட இல்லை. கிளாரினெட், பஸ்ஸூன், கொம்பு மூன்றும் வியோலாவின் வீட்டிலேயே, அதே ஸ்வர உயரத்திலேயே, குடியிருக்கின்றன. வயலின் மேலே ஏறித் தப்பித்துவிடும், வியோலாவால் முடியாது.

வியோலா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மேடையில் அழகாகத் தெரியட்டும் என்று கண்டக்டரின் இடப்பக்கம் வயலினையும் வலப்பக்கம் வியோலாவையும் நிறுத்துவார்கள். வலப்பக்கம் நின்றால் வியோலாவின் மேல் பலகை காற்றுக் கருவிகளைப் பார்க்கும், முதுகு மன்றத்தைப் பார்க்கும். பதிவுக்கு வந்து பார்க்கப் பார்வையாளர் யாருமில்லை. இருவரையும் இடப்பக்கமே நிறுத்துங்கள், வயலின் வெளியே, வியோலா உள்ளே. இருவருக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மீட்டர் விடுங்கள். ஸ்டீரியோவில் இருவரும் ஒரே பக்கம் ஒதுங்குகிறார்களே என்று புரொடியூசர் முகம் சுளித்தால், தனித்தனி ஸ்பாட் மைக் வைத்துச் சற்றே பிரித்துக் காட்டலாம். அப்படி வைத்தால் இரண்டு ஸ்பாட்டுக்கும் உள்ள தூரம், ஒவ்வொன்றுக்கும் அதன் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்றால் மைக்குகளை வாத்தியத்தை நெருக்கி வைக்க வேண்டியதுதான்.

இதற்குப் பிறகும் வியோலா மேலே வராவிட்டால் பஸ்ஸூன், கொம்பு பார்ட்டுகளில் சத்தக் குறியைக் குறையுங்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து ஸ்கல்கோட்டாஸ் படைப்புகளை வரிசையாக வெளியிட்ட ஸ்வீடன் நிறுவனமான பிஸ், 2022இல் மார்ட்டின் பிராபின்ஸ் நடத்த, லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த இந்தப் படைப்பையும் வயலின் கான்செர்ட்டோவையும் சேர்த்து வெளியிட்டது. செஷனுக்கு முன் அதை ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள். வியோலா எவ்வளவு தெரிந்தால் போதும் என்று காது பழகும்.

கோளாறு 4: ஒரு ஸ்வரம் தப்பாகக் கேட்கிறது, தப்பாக வாசித்தவர் யாருமில்லை

நேரத்தை அதிகம் தின்பது இதுதான். சுருதி மையம் இல்லாத இசையில் தப்பு ஸ்வரம் காதை உறுத்துவதே இல்லை என்பார்கள். உறுத்தும். ஆனால் எது தப்பு என்று காது சொல்லாது. அதனால் சோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

*எல்லா டேக்கிலும் (ஒவ்வொரு முறை வாசித்து எடுத்த பதிவிலும்) வருகிறதா, ஒன்றில் மட்டுமா?* ஒன்றில் மட்டும் என்றால் வாசிப்புப் பிழை. நல்ல டேக்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சை வளர்க்க வேண்டாம். எல்லாவற்றிலும் என்றால் மேலே படியுங்கள்.

*அந்த வரியைத் தனியாக வாசிக்கச் சொல்லி ஸ்கோரோடு ஒப்பிடுங்கள்.* பார்ட்டும் ஸ்கோரும் வேறா? ஸ்கோர் சொல்வதைத் தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளுங்கள். எழுதிய ஸ்வரம் ஒன்று, ஒலிப்பது வேறு என்றிருக்கும் இடமாற்றக் கருவிகளில்தான் இது அதிகம்: கிளாரினெட், கொம்பு. முழு ஸ்கோரில் ஒலிக்கும் சுருதியிலேயே எழுதியிருக்கிறதா, கருவிக்கு ஏற்ற சுருதியிலா என்று முன்னுரையில் பார்த்துக்கொள்ளுங்கள். இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் ஆரம்பித்த வாக்குவாதம் தேநீர் இடைவேளை வரை போகும்.

*பார்ட்டும் ஸ்கோரும் ஒன்றே, ஆனாலும் சந்தேகம் என்றால்*, ஸ்வரத்தை அரைப் படி ஏற்றும் ஷார்ப், இறக்கும் ஃபிளாட் குறிகளைப் பாருங்கள். ஒரு குறி அந்த ஒரு ஸ்வரத்துக்கு மட்டுமா, பார் முடியும்வரைக்குமா? இந்த வகை இசையில் இரண்டு வழக்கமும் உண்டு. பதிப்பின் முன்னுரையில் ஒரு வரி இருக்கும், அதை யாரும் படித்திருக்கமாட்டார்கள். அடுத்து வியோலா வரியில் கிளெஃப் (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று சொல்லும் குறி) மாறும் இடங்கள், எட்டு ஸ்வரம் மேலே என்ற புள்ளிக்கோடு எங்கே முடிகிறது என்பது.

*அதுவும் சரி என்றால்*, அதே பகுதி பின்னால் திரும்ப வருகிறதா என்று தேடுங்கள். ஸ்கல்கோட்டாஸ் பழைய சொனாட்டா அமைப்பை முழுக்கக் கைவிடவில்லை. தொடக்கத்தில் வந்தது பின்பகுதியில் திரும்பும். இரண்டு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஸ்வரம் மட்டும் மாறியிருப்பது தெரியும். உடனே திருத்திவிடாதீர்கள், வேண்டுமென்றே மாற்றியதாகவும் இருக்கலாம். பன்னிரு ஸ்வர வரிசையை எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. தன் ஆசிரியரைப் போல் ஒரே வரிசையை வைத்து முழுப் படைப்பையும் அவர் கட்டுவதில்லை. ஒரே படைப்பில் பல வரிசைகள் வரும், எல்லா இடத்திலும் கண்டிப்பாகவும் இருக்காது. எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்பதாலேயே ஸ்வரம் தப்பு என்று ஆகாது.

சோலோ வரிக்கு மட்டும் இன்னொரு சோதனை. ஸ்கல்கோட்டாஸே வயலின்காரர். பெர்லினில் வில்லி ஹெஸ்ஸிடம் படித்தவர். 1933இல் ஏதென்ஸ் திரும்பிய பிறகு ஆர்க்கெஸ்ட்ராவின் வயலின் வரிசையில் உட்கார்ந்து வாசித்தே பிழைத்தவர். அவர் எழுதியது பயங்கரக் கடினமாக இருக்கும், ஆனால் கைக்கு அடங்கும். இரண்டு ஸ்வரமும் ஒரே தந்தியில் விழுவதுபோல், விரலே எட்டாததுபோல் ஒரு கூட்டு ஸ்வரம் வந்தால், படி எடுத்தவர் பிழையாக இருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. சோலோ வாசிப்பவரிடம் ஒரு நிமிடம் கொடுங்கள். சத்தமில்லாமல் விரலை மட்டும் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

கடைசியாகக் கையெழுத்துப் பிரதி. இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்தப் படைப்புகளை ஒத்திகையில் கேட்டுத் திருத்தும் வாய்ப்பு ஸ்கல்கோட்டாஸுக்கு வாய்க்கவில்லை. அவருடைய பன்னிரு ஸ்வரப் படைப்புகளில் மிகப் பெரும்பாலானவை அவர் உயிரோடு இருந்தபோது மேடை ஏறவே இல்லை. 45 வயதில் போய்விட்டார். மற்ற இசையமைப்பாளர்களின் ஸ்கோர்களில் முதல் கச்சேரியில் பிடிபட்டுத் திருத்தப்படும் பிழைகள் இங்கே அப்படியே தங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

செஷன் நடக்கும்போது முடிவெடுக்க முடியவில்லையா? இரண்டு விதமாகவும் பதிவு செய்யுங்கள். முன்னும் பின்னும் நாலு பார் சேர்த்து எடுத்து, குறிப்பேட்டில் டேக் எண்ணோடு "பார் 117, இரண்டாம் கிளாரினெட், அ விதம், ஆ விதம்" என்பதுபோல் எழுதுங்கள். இருபது பேர் காத்திருக்க, ஒரு ஸ்வரத்துக்கு அரை மணி நேரம் விவாதிப்பதைவிட இது மலிவு.

வெளியாளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: படைப்பின் ஒரே பகுதியில் (மூவ்மென்ட்) இப்படி மூன்று நாலு இடம் வந்துவிட்டால் உங்களிடம் இருக்கும் பார்ட்டுகளையே நம்ப முடியாது. பதிப்பாசிரியரைப் பிடியுங்கள். ஸ்கல்கோட்டாஸின் கையெழுத்துப் பிரதிகள் ஏதென்ஸ் மெகரோன் இசை மண்டபத்தில் உள்ள லிலியன் வூதூரி இசை நூலகத்தில் இருக்கின்றன. முடிந்தால் செஷனுக்கு ஒரு மாதம் முன்பே இதைச் செய்துவிடுங்கள். அன்றைக்கு மதியம் போன் போட்டால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

கோளாறு 5: டபுள் பாஸ் ஒரு ஸ்வரத்தில் மட்டும் உறுமுகிறது, அல்லது சுருதியே தெரியவில்லை

மிகக் கீழ்த் தந்தியிலிருந்து அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக மெதுவாக ஏறி வாசிக்கச் சொல்லுங்கள். எந்த ஸ்வரம் துள்ளுகிறது என்று குறித்துக்கொண்டு அதே பதிவை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஹெட்ஃபோனில் துள்ளல் இல்லை என்றால் குற்றவாளி கண்ட்ரோல் ரூம்தான். தற்காலிகமாக அமைத்த அறைகளில் இது சர்வ சாதாரணம். மானிட்டரை மூலையிலிருந்து நகர்த்துங்கள், வாத்தியக்காரரை விட்டுவிடுங்கள்.

ஹெட்ஃபோனிலும் துள்ளினால்: உள்ளே வெற்றிடமுள்ள மரமேடை மீது பாஸின் ஊசி குத்தி நிற்கிறதா? மேடையே கூட ஒலிக்கும். ஊசிக்கடியில் கனமான ரப்பர் வையுங்கள், அல்லது மேடையை எடுத்துவிட்டு வெறும் தரையில் வாசிக்கச் சொல்லுங்கள். சரியாகவில்லை என்றால் அரை மீட்டர் முன்னோ பக்கத்திலோ நகர்த்துங்கள். மைக் எஃப் துளைக்கு நேராகப் பார்த்தாலும் உறுமல் கூடும். பிரிட்ஜுக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) முன்னால் அரை மீட்டரில், சற்று மேலே, வில் உராயும் இடத்தைப் பார்க்கும்படி வையுங்கள். பாஸின் சுருதி காதுக்குத் தெரிவது அந்த உராய்விலும் மேல் அதிர்வுகளிலும்தான். அடிப்பகுதியைக் கூட்டினால் சத்தம் கூடும், சுருதி இன்னும் மங்கும்.

ஒரு பொறி இருக்கிறது. டபுள் பாஸின் கீழ் ஜி 49 ஹெர்ட்ஸ். ஐரோப்பிய மின்சாரத்தின் இரைச்சல் 50 ஹெர்ட்ஸ். கேபிளில் இரைச்சல் இருந்தால் பாஸ் வாசிப்பவர் ஜியில் சுருதி தவறுவதுபோல் கேட்கும், மெதுவான அலைவும் கேட்கும். எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்லி ஒரு நிமிட மௌனத்தைப் பதிவு செய்து சத்தத்தை ஏற்றிக் கேளுங்கள். இரைச்சல் இருந்தால் விளக்கு டிம்மர், மைக் கேபிளோடு இணையாக ஓடும் மின் கேபிள், இரண்டு இடத்தில் எர்த் ஆன கருவி என்ற வரிசையில் தேடுங்கள். எதற்காகவும் எர்த் பின்னைக் கழற்றாதீர்கள். பத்து நிமிடத்தில் அகப்படவில்லை என்றால் மண்டபத்தின் எலெக்ட்ரீஷியன்.

எங்கே வைத்தாலும், எந்த மைக்கிலும் அதே ஸ்வரம் உதறினால் அது வாத்தியத்தின் உடம்பிலேயே உள்ள உதறல். தந்தியின் கீழ்ப்பகுதியில் மாட்டும் சிறு எடை ஒன்று பல சமயம் அடக்கிவிடும். பிரிட்ஜ், உள்ளே நிற்கும் மரத்தூண் ஆகியவற்றை நீங்களும் தொடாதீர்கள், வாசிப்பவரையும் தொடவிடாதீர்கள். அது வாத்தியம் செய்பவரின் வேலை.

கோளாறு 6: எடிட் ஒட்டவில்லை

*சுருதி குதிக்கிறது.* வெப்பமானிக் குறிப்பைப் பாருங்கள். அறை சூடேறினால் காற்றுக் கருவிகளின் சுருதி ஏறும், தந்திகளின் சுருதி இறங்கும். ஒரு டிகிரிக்குக் காற்றுக் கருவி அதிகபட்சம் 3 சென்ட் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வரை நகரலாம். காலை முதல் டேக்கையும் மாலை கடைசி டேக்கையும் ஒட்டப் பார்த்தால் இது முகத்தில் அடிக்கும். ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் அதே ஆதார சுருதிக்கு எல்லோரையும் திரும்பக் கொண்டு வாருங்கள். டேக்குக்கு நடுவே ஏசி போடுவதும் அணைப்பதும் கூடாது.

குதிப்பு அரை ஸ்வரத்தையும் தாண்டி, ஒன்றரை அரை ஸ்வரம் அளவுக்கு இருந்தால் வெப்பம் காரணமில்லை. 44.1 கிலோ ஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில் (சாம்பிள் ரேட்) பதிந்த கோப்பை 48இல் திறந்திருக்கிறீர்கள்.

*வேகம் குதிக்கிறது.* ரீடேக் எடுக்கும் முன் முதன்மை டேக்கின் அதே பகுதியை, பத்து நொடி போதும், கண்டக்டருக்குப் போட்டுக் காட்டுங்கள். மனப்பாட வேகம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் மாறிவிடும்.

*ஒட்டிய இடத்தில் பேய் ஸ்வரம் கேட்கிறது.* பழைய டேக்கின் எதிரொலி அறுபட்டிருக்கிறது, அல்லது வேறு ஸ்வரத்தின் எதிரொலி உள்ளே வந்திருக்கிறது. ரீடேக்கை எப்போதும் இரண்டு மூன்று பார் முன்பே ஆரம்பியுங்கள். இந்த இசையில் அமைதியான இடைவெளி தேடிக் கத்தரி வைக்க நினைத்தால் பக்கக்கணக்கில் கிடைக்காது. பித்தளையோ தாளக் கருவியோ பலமாக விழும் அடிக்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டுங்கள், அந்த அடியே ஒட்டை மறைத்துவிடும். சோலோவின் நீண்ட ஸ்வரத்துக்கு நடுவில் வெட்டினால் வைப்ராட்டோ காட்டிக்கொடுக்கும்.

நாலைந்து முறை முயன்றும் ஒட்டாத இடத்தில் மென்பொருளோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்த நாலு பாரை மறுபடி எடுக்க இன்னும் ஆர்க்கெஸ்ட்ரா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே மலிவு. கலைந்து போயிருந்தால் செவ்வியல் இசை எடிட்டிங் மட்டுமே தொழிலாகச் செய்பவரிடம் மூல டேக் எல்லாவற்றையும் கொடுங்கள், நீங்கள் ஒட்டிய வடிவத்தைக் கொடுக்காதீர்கள்.

கோளாறு 7: டிக் டிக் என்று சிறு வெடிப்புகள்

ஒழுங்கற்ற இடைவெளியில், எல்லா டிராக்கிலும் ஒரே நொடியில் வந்தால் டிஜிட்டல் கடிகாரப் பிரச்சினை: எது தலைமைக் கருவி, எது பின்தொடர்வது என்ற அமைப்பைப் பாருங்கள், பிறகு கேபிளை மாற்றுங்கள். ஒரு டிராக்கில் மட்டும் என்றால் மைக் கேபிள் இணைப்பு. வாசிக்கும்போது மட்டும், மௌனத்தில் இல்லை என்றால் நாற்காலி. முன்வரிசையில் ஒவ்வொருவராக முன்னும் பின்னும் சாயச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் பிடிபடும். பக்கம் புரட்டும் சத்தத்துக்கு, மேசை ஒன்றுக்கு இருவர் இருக்கும் தந்தி வரிசையில் உள்ளே இருப்பவர் மட்டும் புரட்டட்டும். இரட்டைக் கான்செர்ட்டோவில் ஆளுக்கொரு ஸ்டாண்ட் என்பதால், புரட்ட வேண்டிய பக்கத்தை நகலெடுத்து அருகில் ஒட்டி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வேலையை ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரியனிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.